நடுவில் அமர்வது யார்?

வேனில் வந்துவிட்டால் மலைகளுக்கு மதிப்பு வந்துவிடுகிறது. சமவெளி வெந்து தணலாகும்போதுதான், ஆண்டெல்லாம் மறந்துகிடந்த மலை சமவெளியாரின் நினைவுக்கு வருகிறது. ஏலகிரியிலே கோடை விழா! எங்கள் ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூரிலே கோடை விழா! பந்தல் எழுகிறது, மலர்கள் அணிவகுக்கின்றன, மாலையானால் கலைநிகழ்ச்சி. எந்த ஊர்க் கோடை விழாவானாலும், மலைவாழ் மக்களின் ஆட்டமும் பாட்டும் அந்நிகழ்ச்சியில் ஓர் உருப்படி. உருப்படி என்னும் சொல்லை வேண்டுமென்றேதான் எழுதுகிறேன். மத்தளம் கொட்டுகிறவரின் கை சூடேறுவதற்குள், 'அடுத்ததாக' என்று ஒலிபெருக்கி அறிவித்துவிடுவது இத்தகைய மேடைகளின் பொதுவழக்கம். ஆடியவர் இறங்குவர், கைத்தட்டல் கிடைக்கும், படம் பிடிக்கப்படும். அந்தத் தாளக்கட்டு எத்தகையது, அதை அவர் யாரிடம் கற்றார், அவருக்குப் பின் அதைக் கற்க யார் இருக்கிறார் — கேட்பாரும் இல்லை, கேட்க நேரமும் இல்லை.

விழா நடக்கட்டும். அந்தச் சாக்கிலாவது சாலையும் விளக்கும் மலையேறுமானால் நல்லதே. ஆனால் இசையின் பெயராலும் இளைஞரின் பெயராலும் ஒரு வேனிற்காலத்தை எப்படியெல்லாம் பயன்படுத்தலாம் என்பதற்கு உலகில் ஒரு சான்று இருக்கிறது. அதுவும் மலையூர்தான், அங்கும் விடுமுறையில் வெறிச்சோடிக் கிடந்த கல்விக்கூடந்தான். நெல்லிவாசல்நாட்டில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் பணியில் இருப்பதால், அந்த ஒப்புமை என்னை விடாமல் பற்றிக்கொண்டது.

அமெரிக்க நாட்டின் வடகிழக்கில் வெர்மான்ட் என்றொரு மாநிலம். குன்றும் காடும் பால்பண்ணையும் நிறைந்த பகுதி. அங்கே மார்ல்பரோ என்னும் சிற்றூர். 1946-இல், போரிலிருந்து திரும்பிய இளைஞர்களை மனத்திற்கொண்டு, பழைய பண்ணையொன்றின் கொட்டில்களைத் திருத்தி ஒரு சிறு கல்லூரி தொடங்கப்பட்டது. 1951-ஆம் ஆண்டு வேனில் விடுமுறையில் இசைவல்லுநர் சிலர் இளங்கலைஞர்களை அழைத்துக்கொண்டு அங்கு வந்து சேர்ந்தனர். மார்ல்பரோ இசைவிழா பிறந்த கதை இதுதான். கல்லூரி 2020-இல் மூடப்பட்டுவிட்டது. விழா மட்டும் ஒவ்வொரு வேனிலிலும் ஏழு வார காலம் நடந்துகொண்டே இருக்கிறது.

நிறுவியவர்கள் யார் என்பது இங்கே முதன்மையானது. வயலின் மேதை அடால்ஃப் புஷ், அவர் உடன்பிறந்த ஹெர்மன், மருமகன் ருடால்ஃப் செர்க்கின், குழலிசைஞர் மார்செல் மொய்சின் குடும்பத்தார். செர்க்கின் யூதர், புஷ் யூதர் அல்லர், செர்மானியர். 1933-இல் இட்லரின் ஆட்சி யூதர்மீது கைவைத்தபோது, புஷ்ஷுக்கு எந்தக் கெடுதியும் வந்துவிடவில்லை. அவர் விரும்பியிருந்தால் பட்டமும் பரிசும் பெற்றுக்கொண்டு வாசித்துக்கொண்டே இருந்திருக்கலாம். அவரோ, அந்நாட்டு மேடைகளில் வாசிப்பதை நிறுத்திவிட்டார். பின்னர் 1938-இல் இத்தாலியிலும் அதே கொடுமை தலையெடுத்தபோது அந்நாட்டையும் துறந்தார். தன் குலத்துக்குத் தீங்கு வந்தால் சினப்பவர் எங்கும் உண்டு. பிறன் குலத்துக்கு வந்த தீங்குக்காகத் தன் வாழ்வைக் குறைத்துக்கொள்பவர் எத்தனை பேர்? பின்னாளில், 1960 முதல் ஆண்டுதோறும் அங்கு வந்து கற்பித்த செல்லோ மேதை பாப்லோ கசல்சும் அத்தகையவரே. பிராங்கோவின் கொடுங்கோலாட்சி நடக்கும்வரை தாயகம் திரும்புவதில்லை என்று இருந்தவர். திரும்பாமலே 1973-இல் மறைந்தார். நாடிழந்து மானம் இழக்காத மனிதர்கள் கூடிய இடம் அந்த மலையூர். அங்கு உருவான இசைமுறையும் அதற்கேற்றதாக இருந்ததில் வியப்பில்லை.

அந்த இசைமுறைதான் 'சேம்பர் மியூசிக்' என மேலைநாட்டார் வழங்குவது. அறையிசை என்று தமிழாக்கிக்கொள்வோம். (பறையறைதல் என்று நாம் சொல்வதால், அறை என்றால் நம்மவர் செவியில் முழக்கமும் கேட்கும். கேட்கட்டுமே!) இருவர், மூவர், நால்வர், மிஞ்சினால் எண்மர். ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பகுதி. ஒருவருடைய பகுதியை மற்றொருவர் வாசிப்பதில்லை. கோல் பிடித்து நடத்துபவர் இல்லை. தொடங்குவதற்கு ஒரு மூச்சு, நிறுத்துவதற்கு ஒரு கண்ணசைவு. தன் கருவியை வாசித்துக்கொண்டே மற்ற மூன்று கருவிகளையும் கேட்டாகவேண்டும். கேளாதவன் வாசித்தால் கட்டடமே சரிந்துவிடும். இந்த இசைக்குப் பெருங்கூடம் தேவையில்லை, ஒலிபெருக்கி தேவையில்லை.

மார்ல்பரோவில் என்ன செய்தார்கள்? நால்வர் கூடும் குழுவில், உலகப் புகழ்பெற்ற மூத்தவர் ஒருவரையும் இருபது வயது இளைஞர் மூவரையும் ஒரே வரிசையில் அமர்த்தினார்கள். மூத்தவர் ஆசான் அல்லர், குழுவில் ஒருவர். 'இந்த இடத்தில் நீங்கள் மிகுந்த வேகம் காட்டுகிறீர்கள்' என்று இருபது வயதுப் பெண் அவரிடம் சொல்லலாம். சொல்லவேண்டும், அதற்காகவே அங்கு வந்திருக்கிறார்கள். மற்றொன்று இன்னும் அரியது. ஒரு படைப்பை வாரக்கணக்கில் பயில்வார்கள். ஆனால் அதை மேடையேற்றியே தீரவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பயின்றவற்றுள் சிறுபகுதியே அவையோர்முன் வரும். எந்த நிகழ்ச்சியில் எது என்பதும் ஏறத்தாழ ஒரு வாரத்துக்கு முன்புதான் முடிவாகும். நுழைவுச்சீட்டு வாங்கியவர், என்ன கேட்கப்போகிறோம் என்று அறியாமலே வாங்குகிறார்! உணவுக்கூடத்தில் காகிதக் கைத்துடைப்பானை உருண்டையாக்கி ஒருவர்மீது ஒருவர் எறிந்து விளையாடுவது அங்கு மரபு. செர்க்கினும் அந்த விளையாட்டில் குறைந்தவரல்லர் என்பார்கள். பேராசிரியர் தலையில் மாணவன் எறிந்த காகித உருண்டை! நம் நாட்டில் இதைக் கேட்டாலே சிலருக்கு நெஞ்சு படபடக்கும்.

1964-இல் அங்கிருந்து புறப்பட்ட குவார்னேரி நால்வர் என்னும் குழு, 2009 வரை உலகெங்கும் வாசித்தது. நாற்பத்தைந்து ஆண்டுகள்! இருவர் கூட்டுவைத்த கடையே நான்கு ஆண்டில் நீதிமன்றம் ஏறும் உலகம் இது.

இதையெல்லாம் கேட்டு, மேலைநாட்டு இசை பிறப்பிலேயே சமத்துவம் பேசிற்று என்று எவரும் மயங்கிவிட வேண்டா. அறையிசை அரண்மனை அறையில் வளர்ந்த இசை. வயலின் நால்வர் இசைக்குத் தந்தை என்று போற்றப்படும் ஹைடன், 1761-இல் எஸ்டர்ஹாசி என்னும் பெருநிலப் பிரபுவிடம் வேலைக்குச் சேர்ந்தபோது எழுதிக்கொடுத்த ஒப்பந்தம் இன்றும் கிடைக்கிறது. அரண்மனைப் பணியாளருக்குரிய சீருடையில்தான் அவர் வரவேண்டும். நாள்தோறும் முன்னறையில் காத்திருந்து, இன்று இசை உண்டா என்று கட்டளை கேட்டுக்கொள்ளவேண்டும். உலகம் வணங்கும் இசையை ஆக்கியவர், வேலையாளின் உடையில், வாயிலில் நின்றார்! நம் நாகசுரக்காரர் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு திறந்த மேனியராய் நின்று வாசித்த நாட்களை இது நினைவூட்டவில்லையா? அந்த இழிவைத் துடைக்கத் திருவாவடுதுறை இராசரத்தினம் தலையில் கிராப்பும் உடலில் கோட்டுமாய் மேடை ஏற வேண்டியிருந்தது. ஆக, பிறந்த இடம் எதுவாயினும், ஓர் இசைமுறையை மனிதத் தன்மையுடையதாக மாற்றமுடியும். அரண்மனை அறையைப் பண்ணைக் கொட்டிலாக்கிக் காட்டியதுதான் மார்ல்பரோ செய்த வேலை.

நம் அரங்குக்கு வருவோம். அரியக்குடி இராமானுசர் வகுத்தளித்ததாகச் சொல்லப்படும் கச்சேரி முறை ஏறத்தாழ ஒரு நூற்றாண்டாக நம் மேடைகளை ஆள்கிறது. நடுவிலே பாடகர். ஒருபுறம் வயலின், மறுபுறம் மிருதங்கம். இவற்றுக்குப் பக்கவாத்தியம் என்று பெயர். பக்கம்! அந்தச் சொல்லிலேயே அவர்கள் இடம் வரையறுக்கப்பட்டுவிட்டது. பாடகர் விரும்பினால் தனியாவர்த்தனம் நீளும், விரும்பாவிடில் சுருங்கும். அவையினர் சிலர் அந்நேரத்தை எழுந்துபோவதற்கென்றே ஒதுக்கிவைத்திருப்பதையும் நாம் காண்கிறோம். பெண் பாடினால் வாசிக்கமாட்டோம் என்று சொன்ன மிருதங்க மேதைகள் இருந்த மேடை இது. மார்கழியில் சென்னைக்குச் சென்று பாருங்கள். இளங்கலைஞருக்கு ஒதுக்கப்படுவது உச்சிவேளை, மூத்தவருக்கு மாலை. இளைஞன் மூத்தவரோடு ஒரே வரிசையில் அமர்ந்து, 'இந்த இடத்தை இப்படிப் பாடினால் என்ன?' என்று கேட்க, அந்த ஏற்பாட்டில் எந்த வேளையும் இல்லை.

1941-இல் அண்ணாமலை நகரில் தமிழிசை மாநாடு கூடிற்று; 1943-இல் சென்னையில் தமிழிசைச் சங்கம் எழுந்தது. தமிழன் நாட்டில் தமிழில் பாடு என்று கேட்கவே ஓர் இயக்கம் தேவைப்பட்டது! அந்தப் போரில் நாம் பெற்ற வெற்றி பெரிது. ஆனால் ஒன்றை எண்ணிப் பார்க்கவேண்டும். பாட்டின் மொழியை மாற்றினோம்; பாடுவோர் அமரும் முறையை மாற்றினோமா? தெலுங்கு கீர்த்தனை இருந்த இடத்தில் தமிழ்ப் பாட்டு வந்து அமர்ந்தது. நடு நடுவாகவே இருந்தது, பக்கம் பக்கமாகவே இருந்தது. பறையும் பம்பையும் அரங்கின் வாயிலுக்கு வெளியே நின்றவை, நின்ற இடத்திலேயே நின்றன.

'நம் இசை கற்பனையிசை. ஒருவர் வழிகாட்ட மற்றவர் தொடர்ந்தால்தான் அது நடக்கும். எழுதிவைத்து வாசிக்கும் மேலையிசையோடு ஒப்பிடலாமா?' என்று இசையறிந்த நண்பர்கள் கேட்பார்கள். நல்ல கேள்வி. ஆயினும் விடை நம் ஊர்த் தெருவிலேயே இருக்கிறது. பெரிய மேளத்தைக் கேளுங்கள். இரண்டு நாகசுரம், இரண்டு தவில். ஒருவர் இராகத்தை விட்ட இடத்தில் மற்றவர் எடுக்கிறார். இருவரும் சேர்ந்து ஊதும்போது எவர் நடு, எவர் பக்கம்? தவில் இரண்டும் மாறிமாறிப் பேசும்போது நாகசுரக்காரர் கைகட்டிக் கேட்டுக்கொண்டு நிற்கிறார். அங்கே கற்பனை குறைந்துவிட்டதா? திருவண்ணாமலைச் சீமையில் தெருக்கூத்து விடியவிடிய நடக்கிறது. ஆடுபவனின் காலைப் பார்த்து மத்தளம் மாறுகிறது; மத்தளத்தைக் கேட்டு முகவீணை எழுகிறது; பின்பாட்டு அவன் விட்ட அடியை ஏந்திக்கொள்கிறது. கேட்டுக்கொண்டே வாசிப்பது என்ற கலை நமக்குப் புதிதன்று. அதைப் படித்தவர் கூடும் அரங்கில் மறந்துவிட்டோம். படியாதவர் என்று நாம் ஒதுக்கியவர் மறக்கவில்லை.

வயலினோ வெள்ளைக்காரன் கருவி, அறையிசையோ வெள்ளைக்காரன் வழக்கம் என்பாரும் உளர். தஞ்சை நால்வருள் ஒருவரான வடிவேலு, திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாளிடம் தந்தத்தாலான வயலினைப் பரிசாகப் பெற்ற ஆண்டு 1834. அதற்கு முன்பே அக்கருவி தமிழன் கையில் தமிழ் பேசத் தொடங்கிவிட்டது. அண்மைக் காலத்தில், 1993 முதல், வி. எஸ். நரசிம்மனின் சென்னை நால்வர் குழு கருநாடக இசையை நான்கு கருவிகளுக்கெனப் பகுத்து வாசித்துக் காட்டியது. மயிலாப்பூரில் தன்ராஜ் மாஸ்டர் என்னும் பெருமகனார் ஒரு விடுதி அறையில் தங்கிக்கொண்டு மேலையிசை கற்பித்தார். பண்ணைப்புரத்திலிருந்து வந்த இளையராஜா அந்த அறையில் படித்தார்; ஏ. ஆர். ரகுமானும் அவரிடம் கற்றார். 2025 மார்ச்சில் இலண்டன் மாநகரில் தம் சிம்பொனியை அரங்கேற்றினாரே இளையராஜா, அதற்கு விதை விழுந்த நிலம் அந்தச் சிறிய அறை. அங்கே மேடை இல்லை, நடுவர் இல்லை, ஏழை வீட்டுப் பிள்ளை, எந்த ஊர், எந்தக் குலம் என்ற கேள்வி இல்லை. அதுவன்றோ நாம் தேடும் அறையிசை!

இப்போது எங்கள் மலைக்கு ஏறுங்கள். இங்கு வாழ்வோர் மலையாளிப் பழங்குடி மக்கள். சாமை விளையும், பலா பழுக்கும், வேலை போதாது. பெற்றோர் பலர் பிழைப்புத் தேடி வெளியூர் செல்கின்றனர். பிள்ளைகள் உறைவிடப் பள்ளியில். மாலையில் மணியடித்த பின், சாப்பாட்டுத் தட்டில் ஒருவன் தாளம் போடுவான். இன்னொருவன் மேசையில் எதிர்த்தாளம் போடுவான். சற்று நேரத்தில் ஐந்து பேர். எவனும் தலைவன் இல்லை. எவனேனும் வேகத்தைக் கூட்டினால் மற்றவர் கண்ணால் அடக்குகின்றனர். சேர்வையாட்டம் ஆடும் பெரியோரைப் பார்த்துப் பார்த்துக் கைக்கு வந்த தாளம் அது, பாடத்திட்டத்தில் இல்லை. நான் கண்ட மலைப்பள்ளிகளில் இசையாசிரியரைக் கண்டதில்லை. ஓசை கேட்டால் 'சும்மா இரு' என்று அதட்டுவதே பள்ளிக்கூடம் இசைக்குச் செய்யும் தொண்டு.

2022 முதல் அரசுப் பள்ளிகளில் கலைத் திருவிழா நடக்கிறது. அதைப் பாராட்டத்தான் வேண்டும். பணம் கட்டிப் பாட்டு கற்க வழியில்லாத பிள்ளைக்கு மாநில மேடைவரை படி போட்டுக் கொடுத்த ஏற்பாடு அது. வென்றவருக்குக் கலையரசன், கலையரசி என்று பட்டம். அரசர்களை ஒழித்த நாட்டில் கலைக்கு மட்டும் ஏன் அரசன் என்று கேட்கத் தோன்றினும், அதை விடுவோம். என் மனக்குறை வேறு. போட்டி என்றதும் பிள்ளை ஒரே பாட்டைப் பற்றிக்கொள்கிறான். சில நிமிடப் பாட்டு. அதையே நூறு தடவை. பக்கத்து ஊர்ப் பிள்ளை பாடும்போது அவன் கேட்பதில்லை. எண்ணுகிறான் — எங்கே தவறுவான் என்று. முடிவு வந்தபின் வென்றவனும் அப்பாட்டை மறக்கிறான், தோற்றவனும் மறக்கிறான். பிறர் இசையைப் பகையாகக் கேட்கப் பன்னிரண்டு வயதில் பழகிவிட்டால், பின்னர் அவனை நால்வரோடு அமரவைப்பது எப்படி?

மார்ல்பரோவை அப்படியே பெயர்த்துக்கொண்டு வந்து நெல்லிவாசலில் நட்டுவிட முடியாது, நடவும் கூடாது. அங்குச் செல்வோர் முன்பே பெரிய இசைப்பள்ளிகளில் தேறியவர்கள், தேர்ந்தெடுக்கப்பட்ட சிலர். கற்கத் தொடங்காத பிள்ளைக்கு அங்கு இடமில்லை. வாசிக்கப்படுவதும் பெரும்பாலும் ஐரோப்பியப் பெருமக்களின் படைப்புகளே. அந்த மலையின் உழவர் பாடும் பாட்டுக்கு அந்த அறையில் எந்த இடம் என்று நான் கேட்பேன். ஏழைப் பிள்ளையைத் தேடிச் சென்றது வேறொரு நாடு: வெனிசுவேலாவில் 1975-இல் அப்ரேயு தொடங்கிய இயக்கம். நம்மிடையே ரகுமான் அறக்கட்டளையின் சன்ஷைன் இசைக்குழு அவ்வழியில் எளிய வீட்டுப் பிள்ளைகள் கையில் வயலினைக் கொடுத்திருக்கிறது. நன்று; ஆனால் அது சென்னையில்.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியவை மூன்றே: மூத்தவரும் இளையவரும் ஒரே வரிசை, மேடையேறும் கட்டாயமின்மை, அமைதி. மூன்றாவதுக்கு எங்கள் மலையில் பஞ்சமே இல்லை. விண்மீன் பார்ப்பதற்கு இருள் வேண்டுமென்று அறிவியலார் தேடிவந்து, இதே ஜவ்வாது மலையின் காவலூரில் தொலைநோக்கிகளை நிறுவினர், 2.3 மீட்டர் ஆடி கொண்ட பெரிய தொலைநோக்கி அங்கு 1986 முதல் இயங்குகிறது. கண்ணுக்கு இருள் தேடி வந்தவர் உண்டு. காதுக்கு அமைதி தேடி வந்தவர்தான் இல்லை. வந்தவர்களோ ஒலிபெருக்கியோடு வந்தார்கள்.

செலவு என்ன? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மே மாதத்தில் மூன்று வாரம். மலையில் தாளம் அறிந்த பெரியோர் இருவர். திருவண்ணாமலை அரசு இசைப்பள்ளியில் குரலிசை, நாகசுரம், தவில், தேவாரம், பரதம், வயலின், மிருதங்கம் எனக் கற்பிக்கிறார்கள். அங்கு பயிலும் இளைஞர் நால்வர். கூத்தில் முகவீணை ஊதும் ஒருவர். மலைப்பிள்ளைகள் பத்துப் பேர். அவர்களில் பாதிப் பேராவது பெண்பிள்ளைகள். மலைப் பெரியவருக்கும் இசைப்பள்ளி ஆசிரியருக்குத் தரும் மதிப்பூதியமே தரவேண்டும். 'பழங்குடிக் கலைஞர்' என்று தனிப் பட்டியலில் போட்டுக் குறைக்கக் கூடாது. காலையில் மூவர் நால்வராகப் பிரிந்து பயிலட்டும். சேர்வையாட்டத் தாளத்தை வயலின் மாணவி அந்தப் பெரியவரிடம் கற்றுக்கொள்ளட்டும். அவர், அவள் வாசிக்கும் பண்ணில் தம் தாளம் எங்கே பொருந்தும் என்று தேடட்டும். பொருந்தாமலும் போகலாம். போனால் என்ன? மறுநாள் வேறொன்று முயல்வர். மூன்றாம் வார இறுதியில் எதுவேனும் தேறியிருந்தால், புளியமரத்தடியில் ஊராரை அமரவைத்து வாசிக்கட்டும். தேறாவிட்டால் அன்றைக்கு எல்லோரும் சேர்ந்து சாமைச்சோறு உண்டுவிட்டுக் கலையட்டும். சிறப்பு விருந்தினர் வராததால் எவர் மனமும் புண்படாது.

'சோற்றுக்கும் சாலைக்கும் அல்லாடும் மக்களுக்கு இசை எதற்கு?' என்று ஒரு குரல் எழும். இந்தக் கேள்வி ஏழையைப் பற்றியே எழுப்பப்படுகிறது என்பதைக் கவனியுங்கள். பணக்காரன் பிள்ளையின் பாட்டு வகுப்பைப் பற்றி எவரும் கேட்பதில்லை. சாலையும் வேண்டும், மருத்துவமனையும் வேண்டும். அவற்றைக் கேட்டு ஊரார் மனு எழுதுகிறார்கள், நானும் எழுதிக்கொடுக்கிறேன். சாலை வந்தபின் வயலின் என்று வரிசை வைத்தால், இப்போது ஏழாம் வகுப்பில் தட்டில் தாளம் போடுகிறவன் அதற்குள் எங்கோ செங்கற்சூளையில் இருப்பான்.

ஏப்ரல் கடைசியில் தேர்வு முடிந்து விடுதியைப் பூட்டுகிறோம், சூனில் திறக்கிறோம். இடைப்பட்ட நாட்களில் படுக்கைப் பாய்கள் சுருட்டியபடி இருக்கின்றன, சமையற்கட்டு காலியாக இருக்கிறது, கூரைக்கடியில் நாற்பது பேர் அமர இடம் இருக்கிறது. இசைப்பள்ளியாரும் பழங்குடியினர் நலத்துறையாரும் ஒருமுறை கலந்து பேசினால் அடுத்த மே மாதத்துக்கே தொடங்கிவிடலாம்.